பெட்டி வேண்டாம், கீரையைக் கொடுங்கள்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. முன்பள்ளியில் கொப்பி நிறைய எழுதக் கொடுக்கிறார்கள். அவன் பென்சிலை முழுக்கையால் பொத்திப் பிடித்து ரெண்டு எழுத்து எழுதிவிட்டு, கை நோகுது என்கிறான். மொண்டிசோரி முறை என்று சொல்லி செயற்பாட்டுப் பெட்டிகளை மாதாமாதம் பேஸ்புக்கில் விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாங்கத்தான் வேண்டுமா? எங்களுக்கு முற்றமும் இல்லை, மண்ணும் இல்லை. எதையாவது செய்யவிட்டால் வீடு நாசம் என்று மாமி ஏசுகிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

வாங்க வேண்டாம்.

கை நோகுது என்று அவன் சொல்வது சாட்டு இல்லை. நாலு வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பாதியளவு இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், விரல்களை அசைக்கும் சின்னத் தசைகளும் பலப்பட்டிருக்காது. மூன்று விரலால் பென்சில் பிடிப்பது நிறையப் பிள்ளைகளுக்கு நாலுக்கும் ஆறுக்கும் இடையில்தான் ஒழுங்காக வருகிறது. கொப்பியை நிரப்பி அதை வரவழைக்க முடியாது. பிசைய, பிழிய, நுள்ள, முறுக்க விட்டால் தானாக வரும்.

அதற்கெல்லாம் குசினி போதும். ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஒரு உருண்டையைக் கிள்ளி அவனிடம் கொடுங்கள், அவன் தட்டுகிற கோணல் ரொட்டியையும் கல்லில் போட்டுச் சுட்டு அவனுக்கே சாப்பிடக் கொடுங்கள். முருங்கையிலை உருவட்டும், தேசிக்காய் பிழியட்டும், காயப்போடுகிற உடுப்புக்குக் கிளிப் குத்தட்டும். சாப்பாட்டு நேரம் ஆளுக்கு ஒரு தட்டு என்று வைக்கச் சொன்னால் எண்ணும் அதற்குள் வந்துவிடும். பயறையும் கௌபியையும் வேண்டுமென்று கலந்துவிட்டுப் பிரிக்கச் சொல்கிற வேலையில் எனக்குப் பெரிய விருப்பம் இல்லை, பிரித்ததை நீங்கள் திரும்பக் கலக்கிறீர்கள் என்று ரெண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவான். உருவின இலை சட்டிக்குள் போவது வேறு விஷயம். (மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கச்சி இருந்தால் பயறு வகையை எட்டாமல் வையுங்கள், வாயிலும் மூக்கிலும் போட்டுவிடுவார்கள்.)

மொண்டிசோரி என்று பெட்டியில் அச்சடிக்கிறார்களே, மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் சான் லொரென்சோ என்ற இடத்தில் முதல் பள்ளியைத் தொடங்கியதே ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு மாடிக் கட்டடத்தில்தான். தாய் தகப்பன் வேலைக்குப் போக, கட்டடத்தில் தனியே நின்ற பிள்ளைகளுக்காக. கூட்டுவது, கை கழுவுவது, பொத்தான் பூட்டுவது எல்லாம் அங்கே பாடம். 1944இல் அவர் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அதனால் மாடிவீடு என்று கவலைப்பட ஒன்றும் இல்லை.

காலை அவசரத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள், நீங்கள் வேலைக்கு ஓட, அவன் ஒரு பொத்தானோடு மல்லுக்கட்ட, கடைசியில் ரெண்டு பேருக்கும் அழுகைதான் மிச்சம். பின்னேரம் பார்த்துச் செய்யுங்கள். அவன் மடித்த துவாயை அவன் கண் முன்னாலேயே திரும்ப மடிக்காதீர்கள், அது கோணலாகவே அலுமாரிக்குள் இருக்கட்டும்.

தண்ணீர் விளையாட்டுக்குக் குளியலறையில் ஒரு பேசினும் ஸ்பொஞ்சும் போதும், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள், முடிந்ததும் ஊற்றிக் கவிழ்த்து வையுங்கள். கொழும்பில் டெங்கு இருக்கிற இருப்புக்கு மறந்துபோன ஒரு வாளியில் ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பு பறக்கத் தொடங்கிவிடும். மண் இல்லை என்றீர்கள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது கடற்கரை! ஒரு பழைய கரண்டியும் டப்பாவும் கொண்டுபோங்கள், பாதை கடக்கும்போது கையை விடாதீர்கள்.

மாமியை எதிர்க்கட்சி ஆக்காமல் அவரிடமே வேலையை ஒப்படையுங்கள். பேப்பரை விரித்து அவர் கீரை ஆயும்போது பக்கத்தில் இவனையும் இருத்துங்கள். சிந்தினதைத் துடைக்கிற துணியையும் அவனே பிழியட்டும், கைக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை.

கொப்பி விஷயத்தை ஆசிரியையிடம் நேரே கதையுங்கள். தரம் ஒன்றுக்கு ஐந்து வயது முடிந்துதான் எடுக்கிறார்கள், இன்னும் காலம் இருக்கிறது. வீட்டில் பென்சிலைக் கொஞ்ச நாளைக்கு ஒளித்துவிட்டுப் பேஸ்டலைக் கட்டையாக முறித்துக் கொடுங்கள், துண்டு சின்னதென்றால் பொத்திப் பிடிக்க வழியில்லை, விரல் நுனிக்கு வந்துதான் ஆக வேண்டும். பழைய கலண்டர் தாளின் மறுபக்கத்தைச் சுவரில் அவன் உயரத்துக்கு ஒட்டிவிடுங்கள், நின்று கீறினால் மணிக்கட்டுக்கும் நல்லது. தாளுக்கு வெளியிலும் கீறுவான், மாமியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.