வரிப்பணமும் கால் பிடிப்பவரும்

கேள்வி: கூட்டம் வராத பொம்மலாட்டத்துக்கு நகரத்தின் வரிப்பணம் எதற்கு என்று ஜப்பானின் ஒசாகா நகர மேயர் ஒருவர் மானியத்தில் கை வைத்தாராம். வியாபாரிகளின் ஊரில் அது சரியான கேள்விதானே? டிக்கெட் விற்காத கலையைக் கட்டி அழுவானேன்?
(வாசகர், திருப்பூர்)

பதில்: மேயர் தோரு ஹஷிமோத்தோவைச் சொல்கிறீர்கள். 2012இல் அவரது நிர்வாகம், புன்ராக்கு எனப்படும் அந்தப் பொம்மலாட்டத்துக்கு நகரம் தந்துவந்த 5 கோடியே 20 லட்சம் யென்னை 3 கோடியே 90 லட்சமாகக் குறைத்தது. அடுத்த ஆண்டு முதல், வந்த பார்வையாளர்களை எண்ணிப் பார்த்தே தொகையை முடிவு செய்வது என்றும் ஆக்கியது. வரி கட்டுகிறவன் கணக்குக் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சந்தையில் விட்டுப் பார்க்கலாமே என்று நீங்கள் சொல்லும் அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

இக்கலை சந்தையில்தான் பிறந்தது. 1684இல், பொம்மலாட்டத்துக்குக் கதை பாடும் தக்கெமோத்தோ கிதாயு என்ற பாடகர் ஒசாகாவின் தோத்தோன்போரியில் அரங்கு தொடங்கியபோது அவரை நம்பி வந்தவர்கள் கடைக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும்தான். 1703இல் அதே ஊரின் சொனேசாகியில் சோயா சாஸ் கடைச் சிப்பந்தி ஒருவனும் அவன் காதலித்த கணிகையும் சேர்ந்து உயிரை விட்டார்கள். ஒரு மாதம் போல ஆவதற்குள் நாடகாசிரியர் சிக்காமட்சு மொன்சாயேமொன் அதைப் பொம்மலாட்ட நாடகமாக்கிக் கொடுக்க, அதில் வந்த வசூலில் கிதாயு அரங்கின் கடன் அடைந்ததாகச் சொல்வார்கள். பின்னாளில், கபுகி என்னும் மேடை நாடகத்திலும் சினிமாவிலும் காசு பார்க்கத் தெரிந்த ஷோச்சிக்கு நிறுவனம் 1909இல் இதை எடுத்து நடத்தி, அரை நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து, 1963இல் நட்டம் தாளாமல் கைகழுவியது. அரசும் நகரமும் மானியத்தோடு உள்ளே வந்தது அதற்குப் பிறகுதான்.

ஏன் கட்டுப்படியாகவில்லை என்பதை மேடையிலேயே காணலாம். முக்கியமான பொம்மை ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் வேண்டும்: தலையையும் வலக்கையையும் ஆட்டுபவர் ஒருவர், இடக்கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் கால்களே கிடையாது. கால் பிடிப்பவர் குனிந்தபடியே கிமோனோவின் கீழ்விளிம்பை விரல்களால் நகர்த்தி நடையையும், உள்ளே முஷ்டியை மடக்கி முழங்காலையும் உண்டாக்குகிறார். காலுக்குப் பத்தாண்டு, இடக்கைக்குப் பத்தாண்டு என்பது அவர்களுக்குள் வழங்கும் கணக்கு. இத்தனை பேருக்கும் கூலி வேண்டுமென்பதற்காக அரங்கைப் பெரிதாக்கவும் வழியில்லை; பின்வரிசைக்குப் பொம்மையின் புருவ அசைவு தெரியாது. மானியத்தில் நடப்பது பழம்பொருள் பராமரிப்பு என்று நினைக்க வேண்டாம். 1972இல் தேசிய அரங்கம் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. கலைஞர் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைகள் அதன் வழியே வந்துதான் இன்றைய கலைஞர்களில் பாதிக்கு மேல் ஆகியிருக்கிறார்கள்.

ஆட்டுபவரின் முகம் தெரிவது இடைஞ்சலாக இருக்கிறது என்றும் மேயர் குறைப்பட்டுக்கொண்டார். மற்ற இருவரும் கறுப்புத் துணிக்குள் இருக்க, முதன்மைக் கலைஞர் மட்டும் முகம் காட்டுவதற்கு எத்தனை ஆண்டு கால் பிடித்திருக்க வேண்டும் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

வியாபாரிகளின் ஊர் என்றீர்கள். பங்குத் தரகர் இவாமோத்தோ எய்னொசுகே 1911இல் அந்நகருக்குப் பொதுமண்டபம் கட்டப் பத்து லட்சம் யென் கொடுத்தார். பிறகு பங்குச் சந்தையில் அவர் நொடித்துப்போனபோது, கொடுத்ததில் கொஞ்சமாவது திரும்பக் கேளுங்கள் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. 1916இல் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். 1918இல் முடிந்த மண்டபம் இன்றும் நாக்கனோஷிமாவில் நிற்கிறது, மேயரின் அலுவலகத்திலிருந்து சில நிமிட நடையில்.