மாருதி 800 எஞ்சின்: கேட்டவர்களுக்குப் பதில்

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் எஞ்சின் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் முப்பது வருடமாக இந்த வண்டிகளைத்தான் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். வந்த கேள்விகளில் பாதி சூடு பற்றியவை. அதனால் அந்தப் பதில் மட்டும் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலையிலிருந்து: அண்ணா, திருவனந்தபுரத்தில் ஒரு 1996 மாடல் 800 விலைக்கு வருகிறது. உள்ளே இருப்பது என்ன எஞ்சின்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

எஃப்8பி என்ற சுசூகி எஞ்சின், தம்பி. மூன்று சிலிண்டர், 796 சிசி. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 68.5 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 72 மில்லிமீட்டர். சிலிண்டருக்கு இரண்டு வால்வு, அவற்றைத் திறக்க மேலே ஒரே கேம்ஷாஃப்ட், அதைச் சுற்றுவது டைமிங் பெல்ட். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். சூடு பற்றிய பதிலில் இது மறுபடி வரும். கார்புரேட்டர் வண்டிக்குச் சக்தி 40 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. வண்டியின் எடையே 650 கிலோ சொச்சம்தான் என்பதால் அது தாராளம். 2000-ஐ ஒட்டி, கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டரில் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. ஐந்து கியர் வண்டியில் இருப்பது எஃப்8டி, அதே 796 சிசி, ஆனால் 12 வால்வு. இரண்டுக்கும் ஹெட் வேறு. பார்ட்ஸ் வாங்கும்போது எது என்று சொல்லிக் கேளுங்கள்.

பார்க்கப் போகும்போது, நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள், குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பால் சாயா நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, வண்டியை விட்டுவிடுங்கள். கேரள வண்டி என்பதால் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே பதிவு மாற்ற வேண்டும். பதினைந்து வருடம் தாண்டியதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

குலசேகரத்திலிருந்து: சார், பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. போன மாதம் ஆவி கிளம்பி நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றி வந்துவிட்டேன். இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது.

நன்றாக ஓடுகிறது என்பதை நம்பாதீர்கள். இந்த எஞ்சின் ஓடித் தேய்ந்து போய் நான் பார்த்ததைவிட, தண்ணீர் இல்லாமல் வெந்து போய்ப் பார்த்ததுதான் அதிகம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிடக் கூடுதலாக விரியும். அளவு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் கருகும். ஹெட்டின் அடிப்பரப்பில் ஸ்கேலை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அந்த அளவு கண்ணுக்கே தெரியாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஹெட்டைத் தூக்கினேன். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் கேஸ்கெட் ஒரு விரல்நக அகலத்துக்குக் கருகி, தொட்டதும் உதிர்ந்தது. தண்ணீர்ப் பாதை முழுக்கச் செங்கல் பொடி போலத் துரு. அந்த வண்டிக்காரர் வருடக்கணக்காக வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். அதற்கு முன் வேறொரு பட்டறையில், சூடு குறையும் என்று சொல்லி, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்திருந்தார்கள். அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடும், ஆயிலில் கசடு சேரும். ரேடியேட்டர் அடைப்பு அப்படியே இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். நிற்காமல் குமிழி வந்தால் கேஸ்கெட் போய்விட்டது. ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகினாலும் அதுதான். இரண்டும் இல்லை என்றால் நீங்கள் தப்பித்தீர்கள், காரணத்தைத் தேடலாம். முதலில் ஃபேன் பெல்ட். இந்த எஞ்சினில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் அந்த ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. தளர்ந்தால் இரண்டும் கெடும். அடுத்து ரேடியேட்டரில் இருக்கும் மின்சார ஃபேன். வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள், முள் ஏறும்போது ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபேன் சுவிட்சின் இரண்டு வயரையும் நேராக இணைத்துப் பாருங்கள். அப்போது சுற்றினால் சுவிட்ச் பழுது. அப்புறம் ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். சின்னப் பொருள், மாற்றிவிடுங்கள். கூலண்டை வடித்த நீரில் கலந்து ஊற்றுங்கள். ஊற்றும்போது ஹீட்டரைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை மெதுவாக நிரப்புங்கள். அவசரப்பட்டால் காற்று மாட்டிக்கொள்ளும்.

முள் ஏறுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு வளைவுதானே என்று ஓட்டிப் போனதில்தான் பல ஹெட்கள் வளைந்திருக்கின்றன. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. முகம் வெந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

குளச்சலிலிருந்து: அண்ணே, இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. ஸ்டார்ட் ஆனாலும் இரண்டு சிலிண்டரில் ஓடுவது போலத் தடதடக்கிறது.

நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. உங்களுக்குக் கடல் உப்பு வேறு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிடுங்கள். பிளக் வயர் மீதும், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி மீதும் நீல நிறத்தில் பொறி நெளிந்து ஓடுவது தெரியும். அவ்வளவும் பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம். மூடியைக் கழற்றி உள்ளே பென்சில் கோடு போலக் கறுப்பு இழை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடி, அதனுள் சுழலும் ரோட்டார், வயர் மூன்றையும் மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட் உள்ள வண்டி என்றால் அதன் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8. வயர் மாட்டும்போது, சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை 1-3-2.

பாட்டரியிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் எர்த் வயரையும் கழற்றிப் பாருங்கள். கடலோர வண்டிகளில் அதன் முனையில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி இறுக்குங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று வந்த வண்டிகளில் பல இந்த ஒரு வேலையில் சரியாகியிருக்கின்றன.

மார்த்தாண்டத்திலிருந்து: மத்தியான டிராஃபிக்கில் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. இப்போதைய எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே?

நின்ற இடத்திலேயே பார்த்தால்தான் காரணம் தெரியும். ஆறிய பிறகு எல்லாம் நல்ல பிள்ளையாகிவிடும். ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, அதன் உடம்பை இரும்பில் சாய்த்து வைத்துவிட்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் இதைச் செய்யாதீர்கள். பொறி இல்லையென்றால், பொறிக்கு மின்சாரம் தரும் காயில் அல்லது பாயிண்டோடு இருக்கும் கண்டென்சர் சூட்டில் விட்டுப்போகிறது. பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் பக்கம். கார்புரேட்டர் வண்டியில் பம்ப் எஞ்சினிலேயே இருக்கிறது, உள்ளே ரப்பர் டயாஃபிரம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் டயாஃபிரம் கிழிந்து ஆயிலில் பெட்ரோல் இறங்குகிறது. அப்படியானால் பம்பையும் ஆயிலையும் மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

எத்தனாலுக்கும் இதில் பங்கு உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்து இந்தப் பழைய ரப்பர்களைச் செய்யவில்லை. ஹோஸ் உப்பும், பிறகு வெடிக்கும். டாங்கின் அடியில் இருந்த துரு இளகி ஃபில்டரில் வந்து அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் கடைகளில் கிடைக்கிறது, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும், எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு.

கருங்கலிலிருந்து: நீலப் புகை வருகிறது. எஞ்சின் வேலை செய்ய வேண்டுமா?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஹெட்டைக் கழற்றாமலே மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். சிலிண்டரில் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: டைமிங் பெல்ட் எப்போது மாற்ற வேண்டும்?

எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே. தெரிந்தால், நான் 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஓடாத வண்டியிலும் ரப்பர் இறுகும் என்பதால் ஐந்து வருடத்துக்கு மேல் வைப்பதில்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள்.

வடசேரியிலிருந்து: அண்ணா, அப்பா தவறி நாலு வருடமாகிறது. அவருடைய 800 அன்றிலிருந்து ஷெட்டில்தான் நிற்கிறது. அதை மறுபடி ஓட்ட ஆசை. பாட்டரி வாங்கிப் போட்டால் போதுமா?

போதாது தங்கச்சி. ஆனால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். சாவியைத் திருப்பவே வேண்டாம். டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்குங்கள், அதன் வாடையே மாறியிருக்கும். மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் அப்படியே வையுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றச் சொல்லுங்கள். தடையில்லாமல் இரண்டு சுற்று வந்துவிட்டால் உள்ளே பிஸ்டன் ஒட்டவில்லை. இறுகினால் பலம் போடக் கூடாது, மறுபடி ஆயில் விட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு ஆயில், ஃபில்டர், கூலண்ட், பெல்ட்கள், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டில் காற்று அடிக்க வேண்டும். எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது ஷெட் நிறையப் புகை வரும். அது நீங்கள் விட்ட ஆயில்தான், பயப்பட வேண்டாம். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று மட்டும் பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். தெருவுக்கு எடுப்பதற்கு முன் நாலு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கைப் பார்க்க வேண்டும், நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும். வடசேரிதானே, பக்கம்தான். பிளக் கழற்றும் அன்றைக்குச் சொல்லுங்கள், நானே வந்து கையால் சுற்றிப் பார்த்துவிடுகிறேன்.