ஒற்றை முள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதம் முன்பு மைஸ்டர்சிங்கர் என்ற ஜெர்மன் கம்பெனியின் வாட்ச் ஒன்று வாங்கினேன். சாவி கொடுக்கும் வகை. ஒரே ஒரு முள், மணி முள் மட்டும். அலுவலகத்தில் வேண்டுமென்றே மணி கேட்கிறார்கள். நான் தடுமாறினால் சிரிப்பு. கீறல் விழுமோ என்ற பயம் வேறு. இப்போது அது பெட்டியில் இருக்கிறது, ஞாயிறுதோறும் சாவி மட்டும் கொடுக்கிறேன். இந்தக் காலத்தில் இப்படியொன்றைக் கட்டுவது வெறும் பகட்டா?

ச.

அன்புள்ள ச.,

பகட்டுதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கு என்ன நஷ்டம்? சிரிப்பவர்களிடம் சொல்லுங்கள்: 1656இல் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி ஊசல் கடிகாரம் செய்யும்வரை பெரும்பாலான கடிகாரங்களுக்கு மணி முள் மட்டும்தான். நாளுக்குக் கால் மணி நேரம் பிசகும் இயந்திரத்துக்கு நிமிட முள் எதற்கு? உங்கள் முகப்பில் 144 கோடுகள், கோட்டுக்கு ஐந்து நிமிடம். ‘நாலே கால் தாண்டிவிட்டது’ என்றால் போதாதா? போதாதவர்கள் போனைப் பார்க்கட்டும்.

எனக்குக் கோபம் அந்தப் பெட்டிமேல்தான். ஞாயிறு கொடுத்த சாவி செவ்வாய்க்குள் தீர்ந்துவிடும். அந்த ஒன்றரை நாள் யாருக்காக ஓடுகிறது? பெட்டிக்குள் இருந்தாலும் வாட்சுக்குள் இருக்கும் எண்ணெய் கெடத்தான் செய்யும், ஐயா. கீறலுக்குப் பயந்தவர் இரும்பை ஏன் வாங்கினீர்கள்?

உங்கள் கடிதம் வந்தபோது என் வாட்சைத்தான் கையில் வைத்திருந்தேன். தனியாளாக ஒருவர் செய்தது. மேற்பரப்பு மங்கல், பக்கவாட்டு பளபளப்பு; இரண்டும் சேரும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும்படி கூரான ஒரு விளிம்பு இருந்தது. சர்வீசுக்குக் கொடுத்தேன். பழுது பார்த்தவர், நான் கேட்காமலேயே பாலிஷ் போட்டுவிட்டார். விளிம்பு தேய்ந்த சோப்பு மாதிரி ஆகிவிட்டது. “புதுசு மாதிரி ஆக்கிட்டேன் சார்” என்று சிரித்தார். பாவம், நல்ல மனிதர். என்ன சொல்லித் திட்டுவது?

அந்த வாட்சில் நான்காம் எண் பக்கம் ஒரு கீறல் இருந்தது. தொட்டிலிலிருந்து மகளைத் தூக்கும்போது கம்பியில் உரசியது. அன்று எரிச்சல்பட்டேன், குழந்தையைக்கூட முறைத்திருப்பேன். அவளுக்கு இப்போது பதினொரு வயது. அந்தக் கோடு எங்கே இருந்தது என்று அவ்வப்போது தடவிப் பார்க்கிறேன். விரல் வழுக்கிக்கொண்டு போகிறது.

சரி, நாளைக் காலை சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம் ஒன்று, சர்வீசுக்குக் கொடுக்கும்போது ‘பாலிஷ் வேண்டாம்’ என்று தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போட்டுவிடுவார்கள்.