இரட்டைத் தலை டிராகன்: எந்தத் தலை சொல்வதை உடம்பு கேட்கும்?

கேள்வி: கற்பனை நாவல் ஒன்று எழுதுகிறேன். அதில் வரும் டிராகனுக்கு இரண்டு தலை, ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. சண்டைக் காட்சி எழுத உட்கார்ந்தால் நகர மாட்டேன் என்கிறது. உடம்பு எந்தத் தலை சொல்வதைக் கேட்கும்? அதனால் பறக்க முடியுமா? கடைசியில் நாயகன் கெட்ட தலையை வெட்டினால் மற்றது பிழைக்குமா?

பதில்: முதலில் அந்த நல்லது கெட்டதை ஓரமாக வையுங்கள். காட்சி நகராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரட்டைத் தலைப் பாம்பும் ஆமையும் நிஜத்திலேயே உண்டு. ஒரு கரு இரண்டாகப் பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டால் இப்படிப் பிறக்கும். டென்னசி பல்கலைக்கழகத்தில் கார்டன் பர்கார்ட் ஆராய்ந்த பாம்பின் இரண்டு தலைகளும், எது விழுங்கினாலும் ஒரே வயிற்றுக்குத்தான் போகும் என்ற நிலையிலும், ஆண்டுக்கணக்கில் இரைக்காக அடித்துக்கொண்டன. ஒரு தலை எலியைக் கவ்வியதும் அதன் வாயில் எலி வாடை ஒட்டிக்கொள்ளும், மற்ற தலை நாக்கை நீட்டி அந்த வாடையைப் பிடிக்கும், அப்புறம் எதிரே இருப்பது கூடப் பிறந்த தலை என்ற எண்ணமே இல்லாமல் அதையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். அதனால்தான் இப்படிப்பட்ட பாம்பை வளர்ப்பவர்கள் தீனி போடும்போது இரண்டு தலைக்கும் நடுவே ஒரு தடுப்பை வைப்பதுண்டு. உங்கள் டிராகனின் முதல் சண்டை இரை விஷயத்தில் நடக்கட்டும், வில்லத்தனமெல்லாம் அதற்குப் பிறகு.

குணம் மட்டும் வேறுபடலாம். ஜெனீவா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1997-இல் பொரித்த ஜேனஸ் என்ற ஆமைக்குத் தலை இரண்டு, இதயமும் இரண்டு. அந்தத் தலைகளுக்குத் தனித்தனிக் குணம், சில நேரம் ஆளுக்கொரு பக்கம் போகப் பார்க்கும் என்கிறார்கள் அதைப் பராமரிப்பவர்கள். இரண்டு தலையையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இடமில்லை என்பதால் காட்டில் விட்டால் பிழைக்காது.

சரி, உடம்பு யார் பேச்சைக் கேட்கும்? இதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் முதலிலேயே: தண்டுவடம் எங்கே ஒன்று சேர்கிறது? தோளிலேயே சேர்ந்தால் இரண்டு தலைக்கும் முழு உடம்பு மீதும் அதிகாரம். வால்வரை இரண்டாகவே ஓடினால் இடப்பக்கம் ஒன்றுக்கு, வலப்பக்கம் மற்றதற்கு. நடை, சிறகடிப்பு போன்றவற்றின் தாளத்தைப் பெரும்பாலும் தண்டுவடமே உண்டாக்கிவிடும், தலை சொல்வது எப்போது கிளம்புவது, எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் என்பதைத்தான். ஆகவே தோளில் சேரும் டிராகன் ஒழுங்காகவே பறக்கும், ஆனால் கிளம்பும்போதும் திரும்பும்போதும் தடுமாறும். உங்கள் நாயகன் தாக்க வேண்டிய நேரம் அதுதான். வால்வரை இரண்டாக ஓடும் டிராகன் சிறகை ஒன்றாக அடிக்கவே குஞ்சிலிருந்து பழக வேண்டியிருக்கும், எனக்கு இதுதான் சுவாரசியமாகத் தெரிகிறது.

நெருப்பையும் யோசியுங்கள். எரிபொருள் பை வயிற்றில் ஒன்றே ஒன்று என்றால் ஒரு தலை ஆத்திரத்தில் ஊதித் தீர்த்துவிட்டால் மற்றதற்கு வெறும் புகைதான் மிஞ்சும். தாடைக்குத் தாடை தனிப் பை என்றால் இந்தச் சிக்கல் இல்லை, கதையில் ஒரு சண்டையும் குறைந்துவிடும்.

இனி வெட்டு. இதயம் ஒன்று என்றால் இரண்டு கழுத்துக்கும் போவது ஒரே இரத்தம்தான், கழுத்துத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் மொத்த விலங்கும் போய்விடும். மற்ற தலை பிழைக்க ஒரே வழி, தானே திரும்பி வெட்டுவாயில் நெருப்பை ஊதிக் கருக்குவது. அப்படியே பிழைத்தாலும், தண்டுவடம் இரண்டு என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், செத்த தலையின் பக்கத்துச் சிறகு அதற்குமேல் சொன்னபடி கேட்காது. நாயகன் கொன்றது பாதி டிராகனைத்தான், ஆனால் மீதிப் பாதி இனிமேல் பறக்காது, தரையில்தான் அவனைத் துரத்தியாக வேண்டும்.