டம்ளரைத் தூக்கினால் நடுங்கும் கை: பார்க்கின்சன் நோயா?

கேள்வி: எனக்கு வயது 54. நான்கைந்து ஆண்டுகளாக டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் இரண்டு கைகளும் நடுங்குகின்றன. என் அப்பாவுக்கும் 80 வயதுவரை இப்படித்தான் இருந்தது, நடமாட்டத்துக்குக் குறைவில்லை. நூறு பேரில் ஒருவருக்குப் பார்க்கின்சன் வரும் என்று இணையத்தில் படித்தேன். அந்த ஒருவர் நான்தானா? கண் இமை வேறு துடிக்கிறது, இரவில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கிறது, பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. நடுக்கத்துக்கு நல்லது என்று படித்து, பத்து நாளாகப் புரோப்ரனலால் 20 மில்லிகிராம் காலையும் மாலையும் வாங்கிச் சாப்பிடுகிறேன். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் வைத்திருக்கிறேன். இப்போது அதை அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கிறது.

பதில்: முதலில் அந்த மாத்திரை. ஆஸ்துமா உள்ளவர் புரோப்ரனலால் சாப்பிடவே கூடாது. அது மூச்சுக்குழாயைச் சுருக்கும். போதாக்குறைக்கு, உங்கள் இன்ஹேலர் எந்த வாசல் வழியாக வேலை செய்கிறதோ அந்த வாசலையே அடைத்துவிடும். அதனால்தான் இன்ஹேலர் முன்புபோலக் கேட்கவில்லை, கூடுதலாக எடுக்கிறீர்கள். கூடுதலாக எடுத்தால் என்ன ஆகும்? சால்பியூட்டமாலே கையை நடுங்க வைக்கும் மருந்து! நடுக்கத்துக்கு மாத்திரை, மாத்திரையால் மூச்சிரைப்பு, இரைப்புக்கு இன்ஹேலர், இன்ஹேலரால் மறுபடி நடுக்கம். இன்றே ஒரு மருத்துவரைப் பார்த்து, இரண்டு மருந்துகளையும் அவர் முன் வையுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாத அளவுக்கு இரைத்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்தின் பெயரைச் சொன்ன இணையப் பக்கம் உங்களுக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்கவில்லை. மருத்துவர் கேட்டிருப்பார்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பார்க்கின்சன் போலத் தெரியவில்லை. எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்கத்தின் அடையாளங்கள்தான் வரிக்கு வரி இருக்கின்றன: இரண்டு கைகளிலும், வேலை செய்யும்போது, ஆண்டுக்கணக்கில் பெரிய மாற்றமில்லாமல், அப்பாவுக்கும் இருந்த நடுக்கம்.

நூறில் ஒருவர் என்ற கணக்கில் ஒரு பாதியை விட்டுவிட்டுப் படித்திருக்கிறீர்கள். அது 60 வயதைத் தாண்டியவர்களுக்கான கணக்கு. எல்லா வயதினரையும் சேர்த்து எண்ணினால் ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூவர் வரைதான். 40 வயதுக்குள் அரிது. 80-ஐத் தாண்டினால் நூறில் சுமார் மூன்று பேர். பெண்களைவிட ஆண்களுக்குச் சற்று அதிகம். உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்க்கின்சனுடன் வாழ்வதாக 2019-க்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் எசென்ஷியல் ட்ரெமர் அதைவிடப் பல மடங்கு பரவலானது: எல்லா வயதிலும் சேர்த்து நூறில் சுமார் ஒருவர், 65-க்கு மேல் நூறில் நான்கைந்து பேர்.

இந்த எண்கள் இடத்துக்கு இடம் வேறாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். யாரை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். மருத்துவமனைப் பதிவேட்டை வைத்து எண்ணினால் எசென்ஷியல் ட்ரெமர் குறைவாகத் தெரியும். வயதானால் கை நடுங்கத்தானே செய்யும் என்று பெரும்பாலோர் மருத்துவரிடம் போவதே இல்லை. வீடு வீடாகப் போய்ச் சோதித்து எண்ணினால் எண்ணிக்கை ஏறும். இன்னொன்று, ஒரு நோயுடன் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது அது உங்களுக்கு இருக்கிறதா என்பதற்குப் பதில் ஆகாது. அந்தப் பதில் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். கை மடியில் சும்மா கிடக்கும்போது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல அசையும். டம்ளரை எடுக்கப் போனால் அடங்கும் அல்லது குறையும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. பாரம்பரியமும் அப்படியே. எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவர்களில் பாதிப் பேருக்காவது குடும்பத்தில் இன்னொருவருக்கு அது இருக்கும். பார்க்கின்சன் அப்படி வழிவழியாக வருவது குறைவு.

ஆனால் நடுக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்க வேண்டியதைத் தவறவிடுவீர்கள். பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு நடுக்கமே தெரியாது. நோயை உறுதி செய்ய நாங்கள் கட்டாயம் தேடுவது வேறொன்றை: மந்தம். சோர்வையோ பலவீனத்தையோ சொல்லவில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது சிறுத்துக்கொண்டே போவது. நடுமூளையில், அசைவுகளுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழியும்போது, நாம் யோசிக்காமல் செய்யும் அசைவுகளின் வீச்சுதான் முதலில் குறைகிறது. அதுவும் ஒரு பக்கத்தில் முதலில்.

வீட்டில் ஒருவரைச் செல்பேசியில் படம் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முடிந்தவரை அகலமாக விரித்து, முடிந்தவரை வேகமாக 15 விநாடி தட்டுங்கள். பிறகு மற்றக் கையில். அகலம் கடைசிவரை ஒரே மாதிரி இருந்தால், தாளம் கொஞ்சம் தப்பினாலும் கவலை இல்லை. ஒரு கையில் மட்டும் அகலம் படிப்படியாகக் குறுகி, நடுவில் நின்று நின்று தொடர்ந்தால் அதுதான் நான் சொல்லும் மந்தம். அடுத்து, இருபது அடி நடந்து திரும்பி வாருங்கள். இரண்டு கைகளும் வீசுகின்றனவா, ஒன்று உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறதா? பிறகு கோடு போடாத தாளில் ஒரே வாக்கியத்தை ஐந்து முறை எழுதுங்கள். எசென்ஷியல் ட்ரெமரில் எழுத்து கோணலாகவும் பெரிதாகவும் இருக்கும். பார்க்கின்சனில் வரி முடிவதற்குள் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடும்.

அன்றாட வேலைகளிலும் இது தெரியும். ஒரு கையால் மட்டும் பட்டன் போட நேரமாவது, பல் தேய்க்கும் கை அடிக்கடி நின்றுபோவது, ஒரு காலை மட்டும் இழுத்து நடப்பது. தோள்பட்டை இறுகிவிட்டது என்று மாதக்கணக்கில் வலிக்கான சிகிச்சை எடுத்துக்கொண்டு, பிறகுதான் பார்க்கின்சன் என்று தெரிய வருபவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஒருபக்க மந்தம் தெரிந்தால் அந்த மாதத்திலேயே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எசென்ஷியல் ட்ரெமர் என்று முடிவான பிறகும் இது பொருந்தும். அது உள்ளவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் சேர்ந்து வருவது உண்டு. இதில் எதுவும் இல்லாவிட்டால் ஒவ்வொரு வாரமும் விரலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இமை துடிப்பு தூக்கக் குறைவாலும் அதிகக் காபியாலும் வருவது. கெண்டைக்கால் பிடிப்புக்கும் பார்க்கின்சனுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். பெயர் மறந்து, சற்று நேரம் கழித்து நினைவுக்கு வந்தால் அது 54 வயதின் இயல்பு. பட்டியலில் இருந்து மூன்றையும் அடித்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது கடந்த ஓராண்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் சின்னரிசின், ஃப்ளுனரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின் ஆகியவற்றை மாதக்கணக்கில் தொடர்ந்தால் பார்க்கின்சனை அப்படியே நகல் எடுத்ததுபோன்ற மந்தம் வரும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகும். பழைய சீட்டைக் காட்டி இவற்றைத் திரும்பத் திரும்ப வாங்குபவர்கள் ஏராளம் என்பதுதான் என் ஆதங்கம். வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநிலைக் கோளாறுக்கான லித்தியம், அளவு மீறிய தைராய்டு மாத்திரை ஆகியவையும் கையை நடுங்க வைக்கும்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு கட்டாயம் பார்க்க வேண்டும். 40 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் உடலில் செம்பு சேரும் வில்சன் நோய்க்காக, ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது அவசியப்படாது. தலை ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். எசென்ஷியல் ட்ரெமரிலும் தொடக்க நிலைப் பார்க்கின்சனிலும் வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயல்பாகவே இருக்கும். நடுக்கம் திடீரென்று ஒரே நாளில் வந்தாலோ, ஒரு பக்கம் பலம் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ கதை வேறு. அது பக்கவாதமாக இருக்கலாம் என்று உடனே ஓட வேண்டும்.

எசென்ஷியல் ட்ரெமர் என்று உறுதியானால், சாப்பிடவும் எழுதவும் இடைஞ்சல் இல்லாதவரை மருந்து தேவையில்லை. இடைஞ்சல் இருந்தால் ஆஸ்துமாக்காரருக்குப் ப்ரிமிடோன் உண்டு; இரவில் 25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் தலைசுற்றலும் தூக்கமும் ஆளைத் தள்ளிவிடும் என்பதால் இதை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும். எந்த மருந்தும் நடுக்கத்தை முழுதாகத் துடைக்காது. பாதியாகக் குறைந்தால் நல்ல பலன். அதுவரை டம்ளரை முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, முழங்கையை மேசையில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துக் குடியுங்கள். கனமான டம்ளரும் தடித்த பேனாவும் பலருக்கு உதவுகின்றன.