பட்டன் பேட்டரிக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

கேள்வி: டெக்சாஸில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, எடை பார்க்கும் கருவிக்குப் பட்டன் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. புது பேட்டரியின் அட்டையைக் கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்க முடியவில்லை. கருவியின் மூடியிலோ ஸ்க்ரூ. ஒரு சிறு பேட்டரிக்கு இது அதிகமில்லையா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அதிகமில்லை. அதே டெக்சாஸைச் சேர்ந்த ரீஸ் என்ற ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, பட்டன் பேட்டரியை விழுங்கியதால் 2020 டிசம்பரில் உயிரிழந்தாள். அவளுடைய தாய் விடாமல் முயன்றதன் பயனாக அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் 2022 ஆகஸ்ட் 16 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டார். அதன் பெயரே 'ரீஸ் சட்டம்'.

பேட்டரிக்குள் இருக்கும் மருந்து கசிவதால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 3 வோல்ட் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனைப் பக்கத்தில் கடுமையான காரப்பொருள் (ஆல்கலி) உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். கருவியை இயக்கச் சக்தியில்லாமல் நாம் கழற்றிப் போடும் பேட்டரியிலும் இதற்குப் போதிய மின்சாரம் மிஞ்சியிருக்கும். இருமலும் எச்சில் வடிதலும் சளித் தொல்லையைப் போலவே தோன்றுவதால், விழுங்கியதை யாரும் பார்த்திராவிட்டால் எக்ஸ்ரே எடுக்கும்வரை காரணம் புலப்படாமலே போகக்கூடும்.

எனவே எச்சரிக்கை வாசகத்தோடு நில்லாமல், குழந்தையின் கை பேட்டரியை எட்டாதபடி செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கிறது. மூடியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் போன்ற ஒரு கருவியோ, ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய இரண்டு தனித்தனி அசைவுகளோ தேவைப்பட வேண்டும். தனியாக விற்கும் பேட்டரியின் உறையும் குழந்தையால் பிரிக்க முடியாததாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத வயதினரைக் காக்க மூடியை நம்புவதே சரி என்பது என் கருத்து. பொம்மைகளுக்கு ஏற்கெனவே தனித் தரவிதி உண்டு. ரிமோட், சாவி, வாழ்த்து அட்டை, மெழுகுவர்த்தி விளக்கு என்று பெரியவர்களுக்காகச் செய்த பொருள்கள்தாம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. ஆஸ்திரேலியா இதில் முந்திக்கொண்டு, 2022 ஜூன் 22 முதலே இத்தகைய விதிகளைக் கட்டாயமாக்கிவிட்டது.

அமெரிக்காவில் மூடி பற்றிய விதி 2024 மார்ச்சிலிருந்துதான் கண்டிப்பாகச் செயல்படுத்தப்படுகிறது. அதற்கு முன் வாங்கிய ரிமோட் உங்கள் மகன் வீட்டில் இருந்தால், அதன் மூடி விரலால் தள்ளினாலே திறந்துகொள்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.