கிளவுட் ஆல்பத்தில் நாம் அடுக்கிய வரிசை கலையாமல் போட்டோக்களைப் பகிர்வது எப்படி?

வீட்டு விசேஷப் படங்களைப் பார்த்துப் பார்த்து அடுக்கி லிங்க் அனுப்பினேன், சொந்தக்காரர்கள் டவுன்லோட் செய்ததும் எல்லாம் கலைந்துபோயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதுதான் நடந்தது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இழுத்து வைத்த வரிசை ஆல்பத்தோடு இருப்பது. படத்துக்குள் அது எங்கும் எழுதப்படுவதில்லை. ஆல்பத்தை விட்டுப் படம் வெளியே வந்ததும் அதற்குத் தெரிந்தது இரண்டுதான்: தன் பெயர், தான் எடுக்கப்பட்ட நேரம். வரிசையும் கூடவே போகவேண்டுமானால் இந்த இரண்டில்தான் அதை எழுதி அனுப்பவேண்டும்.

நான் மொரீசியசில் ரோஸ்ஹில் பக்கம் இருக்கிறேன், பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. 2024இல் என் தம்பி முதல் தடவையாகக் காவடி எடுத்தான். என் போனில் கொஞ்சம், தங்கை போனில் கொஞ்சம், பாரிசிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகனின் பெரிய கேமராவில் நிறைய, அக்கம்பக்கத்தார் வாட்ஸ்அப்பில் அனுப்பியது வேறு. எல்லாவற்றையும் அன்றிரவே ஒரே ஆல்பத்தில் போட்டு, பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கும் அத்தைக்கு லிங்க் அனுப்பினேன். காலையில் போன் வந்தது: "ஏம்மா, தம்பி பாலை இறக்கி வச்சுட்டு அப்புறமாவா வேல் குத்திக்கிட்டான்?"

திறந்து பார்த்தால் அப்படித்தான் இருந்தது. போன் இங்கே வந்து இறங்கியதும் தானாக மணியை மாற்றிக்கொள்ளும். அந்தக் கேமரா மாற்றிக்கொள்ளவில்லை, பாரிஸ் மணியிலேயே ஓடியிருக்கிறது. ஜனவரியில் பாரிசுக்கும் நமக்கும் 3 மணி நேர வித்தியாசம். பகல் 12.40க்குக் கோயிலில் எடுத்த படம் 9.40 என்று பதிவாகி, பத்து மணிக்கு ஆற்றங்கரையில் வேல் குத்திய படங்களுக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்தவை இன்னும் மோசம். சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதற்குள் இருக்கும் எடுத்த நேரத்தை நீக்கிவிடும். விடியற்காலையில் ஆற்றங்கரையில் எலுமிச்சம்பழம் கோத்துக்கொண்டிருந்த படங்கள் எங்கள் கைக்கு வந்தது சாயங்காலம். ஆகவே கடைசி வரிசைக்குப் போயின.

அத்தை கேட்டது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. பத்து நாள் விரதம், ஆறு, வேல், வெயிலில் நடை, கோயில் படி, பால் என்பதுதான் காவடி. கடைசிப் படத்தில் தம்பியின் ரோஸ் வேட்டி முழுக்க வேர்வை, செம்பின் வாயில் கட்டிய வாழையிலையின் ஒரு ஓரத்தைக் குருக்கள் விரலால் நீக்குகிறார், பால் திரியவில்லை, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படத்தை முதலிலேயே பார்த்துவிட்டால் மற்ற படங்களுக்கு என்ன இருக்கிறது?

வரிசையின் அருமை இந்த ஊர்த் தமிழருக்கு நன்றாகவே தெரியும். 1998 நவம்பரில் வந்த புது ரூபாய் நோட்டுகளில், ஆங்கிலத்துக்கு அடுத்ததாக எப்போதும் இருந்த தமிழ் மூன்றாவது இடத்துக்குப் போயிருந்தது. ஊரே கொதித்தது. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசைப்படி புது நோட்டு அடித்தார்கள்.

இனி வழிகள். லிங்கைத் திறந்து பார்ப்பதோடு சரி என்றால் கூகுள் போட்டோஸ் போதும். ஆல்பத்தைத் திருத்தும் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு படமாக இழுத்து வைக்கலாம். கம்ப்யூட்டரில் செய்யுங்கள், போனில் கை வலித்துவிடும். லிங்கில் வருபவர்களும் அதே வரிசையில் பார்ப்பார்கள். பிறகு சேர்க்கும் படம் தானாக உரிய இடத்துக்குப் போகாது, நீங்கள்தான் கொண்டுபோய் வைக்கவேண்டும். அங்கேயே 'பழையது முதலில்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டுவிட்டால் அடுக்கியது போயிற்று. அவர்கள் தங்கள் கணக்கில் சேமித்துக்கொண்டால் தேதிப்படி அமரும், ஜிப்பாக இறக்கினால் ஃபைல் பெயர்ப்படி அமரும். ஐபோன்காரர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்கள் சொந்த ஆல்பத்தில் அடுக்கிய வரிசை ஐக்ளவுட் பகிர்வு ஆல்பத்துக்குக் கூட வரும் என்று நம்பாதீர்கள்.

எங்கே போனாலும் வரிசை நிற்கவேண்டும் என்றால், ஏற்றுவதற்கு முன்பே நேரத்தைச் சரிசெய்யுங்கள். கூகுள் போட்டோசிலேயே பல படங்களைத் தேர்ந்தெடுத்து மொத்தமாக 3 மணி நேரம் தள்ளலாம், ஆனால் அந்தத் திருத்தம் கூகுளிடம் மட்டும் இருக்கும், டவுன்லோட் செய்யும் ஃபைலுக்குள் பழைய நேரமே இருக்கும். அதனால் நான் ஃபில் ஹார்வி எழுதிய எக்சிஃப்டூல் என்ற இலவச நிரலைப் பயன்படுத்துகிறேன். கட்டளை தட்டிச் செய்வது, முதலில் மிரட்சியாகத்தான் இருக்கும். ஒரே வரியில் அந்தக் கேமரா படங்கள் எல்லாவற்றுக்கும் 3 மணி நேரம் கூடிவிட்டது. மூலப் படத்தை அதுவே தனியாக எடுத்து வைத்துவிடும் என்பதால் பயமில்லை.

பழைய படங்களுக்கு இந்த வழி உதவாது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் குடியேற்றப் பதிவுகள் இருக்கின்றன. எங்கள் பூட்டனின் படம் அங்கிருந்து நகலாகக் கிடைத்தது. அதை நான் போனில் எடுத்ததால் தேதி அன்றையது. குடும்ப ஆல்பத்தில் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கும் பின்னால் பூட்டன் நின்றார். ஸ்கேன் செய்த எந்தப் படத்துக்கும் இதே கதிதான். இதற்கு ஃபைல் பெயரில் எண் போடுவதே நல்லது. 1, 2, 3 என்று போடாதீர்கள், பல இடங்களில் 1, 10, 11, 2 என்று அடுக்கிவிடும். முன்னால் பூச்சியம் சேர்த்து எல்லா எண்ணும் ஒரே நீளமாக இருக்கட்டும். பத்துப் பத்தாகத் தாண்டிப் போடுங்கள்: 0010, 0020, 0030. பிறகு பெயர் வரிசைப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிமிடம் கூட்டி நேரம் எழுதும்படி எக்சிஃப்டூலுக்கே சொல்லலாம். பெயரும் நேரமும் ஒன்றையே சொல்லும். இப்படி எழுதுவது உண்மையான நேரம் இல்லை, ஆகவே பகிரும் நகலில் மட்டும் செய்யுங்கள்.

அடுத்த விசேஷத்துக்கு ஒரு யோசனை. ஆரம்பிக்கும் முன் ஒரு போனில் கடிகாரத்தைக் காட்டி, எல்லாக் கேமராவிலும் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எவ்வளவு தப்பு என்று பிறகு அதிலிருந்தே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், நேரம் அழியாது.

அத்தைக்கு 120 படம் பொறுக்கி அனுப்பினேன், 0010 முதல் 1200 வரை. அவர் பென்டிரைவில் போட்டுக் கடையில் கொடுத்து ஆல்பமாகவே அச்சடிக்க இருந்தார். அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன் ஆற்றங்கரைப் படம் இன்னும் ஒன்று கொடுத்தார். அதற்கு 0035 என்று பெயர் வைத்து அனுப்பினேன். மற்ற 120 பெயர்களில் ஒன்றையும் தொடவில்லை.